எல்லோர் கோரிக்கையும் நியாயம்தான். எதை முதலில் செய்வது?

தொழில்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஜவுளிக்கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் தயாரிக்கும் சிறிய நிறுவனத்தில் புராடக்ட் மேனேஜராக இருக்கிறேன். டெவலப்பர்கள் ஆறு பேர். வாடிக்கையாளர்களாக 600 கடைகள். அடுத்த காலாண்டில் எந்த வேலையை எப்போது செய்வது என்ற திட்டத்தை, அதாவது ரோட்மேப்பைத் தயாரிக்க உட்கார்ந்தால் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள். ஒன்பது ஷோரூம் வைத்திருக்கும் எங்கள் மிகப் பெரிய வாடிக்கையாளர், சேல்ஸ்மேன் வாரியாக இன்சென்டிவ் கணக்கிடும் வசதியைக் கேட்கிறார். தராவிட்டால் வேறு மென்பொருளுக்கு மாறிவிடுவார் என்கிறது விற்பனைப் பிரிவு. திரும்பி வரும் சரக்குக்குப் போடும் கிரெடிட் நோட்டில் வரி தவறாக விழுவதை முதலில் சரிசெய்யச் சொல்கிறது சப்போர்ட் பிரிவு. டெவலப்பர்கள் வரி கணக்கிடும் பகுதியையே புதிதாக எழுத வேண்டும் என்கிறார்கள். முதலாளிக்கோ, துணியைப் படம் எடுத்தால் கையிருப்பைச் சொல்லும் ஏஐ வசதி வேண்டும். ரைஸ் முறையில் மதிப்பெண் போட்டேன். ஏஐ முதலிடத்துக்கு வந்துவிட்டது. முதலாளியைத் தவிர ஒருவருக்கும் திருப்தி இல்லை. அட்டவணையையும் சில சப்போர்ட் புகார்களையும் இணைத்துள்ளேன். — வாசகர், கோவை

பதில்: ரைஸ் முறையை அறியாதவர்களுக்காக ஒரு வரி: ஒரு வசதி குறிப்பிட்ட காலத்துக்குள் எத்தனை பேரைச் சென்றடையும், ஒவ்வொருவருக்கும் எவ்வளவு பயன் தரும், இந்த மதிப்பீட்டில் நமக்கு எவ்வளவு நம்பிக்கை ஆகிய மூன்றையும் பெருக்கி, அதைச் செய்து முடிக்கத் தேவையான ஆள்-மாதங்களால் (ஒருவர் ஒரு மாதம் செய்யும் வேலை ஒரு ஆள்-மாதம்) வகுப்பதே அது. உங்கள் அட்டவணையில் ஏஐ வசதிக்கு 600 கடைகள், பயன் 2, நம்பிக்கை 50 விழுக்காடு, உழைப்பு 6 ஆள்-மாதம் என்று போட்டு 100 மதிப்பெண் வந்திருக்கிறது. கிரெடிட் நோட்டுக்கு 240 கடைகள், பயன் 1, நம்பிக்கை 80 விழுக்காடு, உழைப்பு 2 ஆள்-மாதம் என்ற கணக்கில் 96. இந்த நான்கு மதிப்பெண் வித்தியாசத்துக்கு எந்தப் பொருளும் இல்லை. இதுவரை யாரும் செய்து பார்க்காத வேலைக்கு ஆறு ஆள்-மாதம் என்பது ஊகம். அது எட்டாக மாறினால் மதிப்பெண் 75-க்கு இறங்கிவிடும். மேலும், 600 என்பது உங்கள் மென்பொருளை வைத்திருக்கும் கடைகளின் எண்ணிக்கையே தவிர, இந்த வசதியைக் காலாண்டுக்குள் பயன்படுத்தப் போகும் கடைகளின் எண்ணிக்கை அல்ல. சரக்கில் பார்கோடு டேக் தொங்கும் கடையில், டேக்கை ஸ்கேன் செய்தாலே கையிருப்பு தெரியும்போது படம் எதற்கு என்று பத்துக் கடைக்காரர்களிடமாவது கேட்டுவிட்டு அந்த எண்ணை நிரப்புங்கள். டேக் அறுந்துபோன சரக்குதான் பிரச்சினை என்று அவர்கள் சொன்னால், அதற்கு இதைவிட மலிவான வழிகள் இருக்கின்றன.

அட்டவணையில் என் கண்ணில் முதலில் பட்டது டெவலப்பர்களின் கோரிக்கைக்கு எதிரே இருந்த வெற்றிடம். எந்த வாடிக்கையாளரும் கேட்காத வேலைக்கு எண் போட முடியாமல் விட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் அனுப்பிய புகார்களைப் படித்தால், அவர்கள் கேட்பதும் சப்போர்ட் பிரிவு கேட்பதும் ஏறத்தாழ ஒன்றே என்பது தெரியும். 2025 செப்டம்பர் 3 அன்று ஜிஎஸ்டி கவுன்சில் அறிவித்த புதிய விகிதங்கள் அதே மாதம் 22 முதல் நடைமுறைக்கு வந்தன. அதுவரை ஆயத்த ஆடைகளுக்கு ஒரு உருப்படி 1,000 ரூபாய் வரை 5 விழுக்காடு, அதற்கு மேல் 12 விழுக்காடு. அதற்குப் பிறகு 2,500 ரூபாய் வரை 5, அதற்கு மேல் 18. செப்டம்பர் 10 அன்று 1,800 ரூபாய்க்கு விற்ற சட்டைக்கு 12 விழுக்காடு வரி பில்லில் ஏறியிருக்கும். அது 28-ஆம் தேதி திரும்பி வந்தால், அன்றைக்கு அதே சட்டையைப் புதிதாக விற்கும்போது 5 விழுக்காடுதான் என்றாலும், கிரெடிட் நோட்டில் பழைய பில்லின் 12 விழுக்காடே வர வேண்டும். உங்கள் மென்பொருள் மூல பில்லின் தேதியைப் பார்க்காமல் இன்றைய விகிதத்தை எடுத்துக்கொள்கிறது. விகிதமும் விலை வரம்பும் தேதிவாரியான அட்டவணையாக இல்லாமல் நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டிருப்பதுதான் இதற்கு மூலகாரணம் என்று உங்கள் டெவலப்பர்கள் சொல்வது சரியாகத்தான் இருக்க வேண்டும். அறிவிப்புக்கும் அமலுக்கும் இடையே அன்று கிடைத்தவை 19 நாட்கள். அடுத்த முறையும் அவ்வளவு கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை.

ஆகவே இரண்டையும் ஒரே வேலையாக்கி முதலிடத்தில் வையுங்கள். அதே சமயம், ‘புதிதாக எழுதுவது’ என்ற கோரிக்கையை அப்படியே ஏற்க வேண்டாம். மூல பில்லின் தேதியை வைத்து விகிதத்தைத் தேடி எடுக்கும் பகுதி மட்டும் இந்தக் காலாண்டு, மற்றவை பிறகு என்று எல்லை வகுத்துக்கொள்ளுங்கள். டெவலப்பர்களுக்கு இது அரை மகிழ்ச்சியைத்தான் தரும், ஆனால் அவ்வளவு போதும்.

இன்சென்டிவ் கோரிக்கைக்கு உங்கள் கணக்கில் மதிப்பெண் 1. ஒரே வாடிக்கையாளர் என்பதால் அந்த எண் வருகிறது. அவர் தரும் ஆண்டுச் சந்தா மொத்த வருமானத்தில் எத்தனை பங்கு என்பதை ரைஸ் கேட்பதே இல்லை. ஐந்தில் ஒரு பங்கு என்றால் அவரை இழக்கலாமா கூடாதா என்பது முதலாளி எடுக்க வேண்டிய முடிவு; அதை மதிப்பெண்ணின் தலையில் கட்டக் கூடாது. இருந்தாலும், ‘மாறிவிடுவார்’ என்ற செய்தி உங்களுக்கு விற்பனைப் பிரிவின் வாய்வழியாகத்தான் வந்திருக்கிறது. நேரில் போங்கள், உரிமையாளரோடு பேசி முடித்துவிட்டு, மாதக் கடைசியில் எக்செல்லில் இன்சென்டிவ் போடும் கணக்காளர் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். உருப்படிக்கு இவ்வளவு, விற்பனைத் தொகையில் இத்தனை விழுக்காடு, தேங்கிய சரக்கைத் தள்ளிவிட்டால் கூடுதல் என்று கடைக்குக் கடை விதி மாறும். அத்தனையையும் மென்பொருளுக்குள் கொண்டுவரப் போனால் நீங்கள் போட்ட மூன்று ஆள்-மாதம் காணாது. அந்தக் கணக்காளருக்கு உண்மையில் வேண்டியது, திரும்பி வந்த சரக்கைக் கழித்த பிறகு சேல்ஸ்மேன் வாரியான நிகர விற்பனைப் பட்டியலாக மட்டும் இருக்கலாம். அப்படியானால் அது சில நாள் வேலை. சரக்குத் திரும்பும் பதிவு சரியாக இருந்தால்தான் அந்தப் பட்டியலும் சரியாக வரும் என்பதால், விற்பனைப் பிரிவுக்கும் கிரெடிட் நோட்டு வேலை முதலில் முடிவது லாபமே என்பதை அவர்களிடம் எடுத்துச் சொல்லலாம்.

இனிக் கூட்டம் நடத்தும் விதம். எல்லாத் தரப்பினரையும் ஒரே அறையில் உட்காரவைத்து ‘உங்களுக்கு என்ன வேண்டும்’ என்று கேட்பதை நான் பரிந்துரைப்பதில்லை. குரல் பெரியவர்கள் வெல்வார்கள், சப்போர்ட் பிரிவு வாயே திறக்காது. ஒவ்வொரு தரப்பையும் தனியே சந்தித்து, கேட்கும் வசதிக்குப் பின்னால் இருக்கும் சிக்கல் என்ன, மூன்று மாதம் தள்ளிப்போனால் என்ன இழப்பு என்ற இரண்டையும் எழுதி வாங்குங்கள். தாமதத்தின் விலையைக் கணக்கிடச் சொல்லி, தயாரிப்பு மேம்பாடு பற்றி எழுதிவரும் டான் ரெய்னர்ட்சன் பல ஆண்டுகளாக வலியுறுத்தி வருவது இதற்காகத்தான். பிறகு, வேலைகளின் பெயரை எடுப்பதற்கு முன்பே, முதலாளியிடம் உழைப்பைப் பங்கிடச் சொல்லுங்கள். ஆறு பேர், மூன்று மாதம் என்றால் ஏட்டில் 18 ஆள்-மாதம். விடுப்பு, அவசரத் திருத்தங்கள் போக 12 மிஞ்சினால் பெரிது. அதில் பழுது நீக்க எவ்வளவு, பெரிய வாடிக்கையாளருக்கு எவ்வளவு, புதிய முயற்சிக்கு எவ்வளவு என்று அவர் வாயாலேயே வந்துவிட்டால், ஆறு ஆள்-மாத ஏஐ எந்தப் பங்கிலிருந்து வரும் என்று நீங்கள் கேட்க வேண்டியிருக்காது. ஒரு ஆள்-மாதத்தை ஒதுக்கி முன்மாதிரி செய்து மூன்று கடைகளில் காட்டலாம் என்பதற்கு அவர் இசைவார் என்றே நினைக்கிறேன்.

சட்டம் தேதி குறித்த வேலைகளை இந்தப் போட்டிக்குள் கொண்டுவரவே வேண்டாம். உதாரணமாக, 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய விற்றுமுதல் உள்ளவர்கள், வணிகர்களுக்குப் போடும் பில்லுக்கு இ-இன்வாய்ஸ் (அரசின் தளத்தில் பதிவு செய்த பில்) எடுத்தாக வேண்டும். உங்கள் வாடிக்கையாளர்களில் மொத்த வியாபாரம் செய்பவர்கள் யாரேனும் அந்த வரம்பை நெருங்குகிறார்களா என்று பார்த்து, அதற்கான உழைப்பை முதலிலேயே கழித்துவிட்டு மிச்சத்தைப் பங்கிடுங்கள். மாதா மாதம் விற்பனை விவரப் படிவமான ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் செய்யும் 11-ஆம் தேதியையும், வரி செலுத்தும் சுருக்கப் படிவமான ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்யும் 20-ஆம் தேதியையும் ஒட்டி எந்தப் புதிய பதிப்பையும் வெளியிடாதீர்கள். தீபாவளிக்கு முந்தைய வாரங்களைப் பற்றி ஜவுளிக்காரர்களோடு பழகும் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

கேள்வி: எங்கள் ரோட்மேப்பைத் தேதியோடு வாடிக்கையாளர்களுக்குக் காட்டலாமா? — வாசகி, சென்னை

பதில்: ‘இப்போது, அடுத்து, பிறகு’ என்ற மூன்று பகுதிகளாகப் பிரித்துக் காட்டுங்கள். சட்டம் விதித்த நாளுக்குள் முடிக்க வேண்டியவற்றுக்கும், சோதனைக் கட்டத்துக்கு வந்துவிட்டவற்றுக்கும் மட்டும் தேதி போதும். ‘பிறகு’ பகுதியில் இருக்கும் ஒன்றை விற்பனைப் பிரிவு ஒப்பந்தத்தில் தேதியுடன் எழுதிக் கொடுப்பதாக இருந்தால் உங்கள் கையெழுத்தும் அதில் இருக்க வேண்டும் என்ற விதியை, அடுத்த ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன்பே நிர்வாகத்திடம் பேசி வாங்கிவிடுங்கள்.