முதுகுத்தண்டு ஆபரேஷன்: எஸ்டிமேட்டும் பில்லும் – வாசகர் கேள்வி பதில்

என் கணவருக்கு கீழ்முதுகில் எல்4-எல்5 எலும்புகளுக்கு நடுவே உள்ள டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது. ஒரு மருத்துவமனையில் ஒன்றே முக்கால் லட்சம், இன்னொன்றில் நாலரை லட்சம் என்கிறார்கள். ஒரே ஆபரேஷனுக்கு இவ்வளவு வித்தியாசமா?
– கலைச்செல்வி, கரூர்

ஒரே ஆபரேஷனாக இருக்க வாய்ப்பு குறைவு. பிதுங்கிய டிஸ்க் துண்டை மட்டும் எடுப்பது மைக்ரோ டிஸ்கெக்டமி. உடம்புக்குள் எதுவும் பொருத்துவதில்லை. பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். டிஸ்க்கை எடுத்துவிட்டு இரண்டு எலும்புகளையும் சேர்த்து இணைப்பது ஃப்யூஷன். ஒரு மட்டத்துக்கு (அதாவது ஒரு ஜோடி எலும்புக்கு) வழக்கமாக நான்கு ஸ்க்ரூ, இரண்டு ராடு, டிஸ்க் இருந்த இடத்தில் வைக்கும் ஒரு கேஜ். இரண்டு மட்டம் என்றால் ஆறு ஸ்க்ரூ, இரண்டு கேஜ். தொகையை ஏற்றுவது இந்த இம்ப்ளான்ட்தான்.

எனவே விலையைக் கேட்பதற்கு முன்னால் ஆபரேஷனின் பெயரைக் கேளுங்கள். எத்தனை மட்டம் என்றும் கேளுங்கள். ஃப்யூஷன்தான் என்றால், எலும்பு நகர்ந்திருக்கிறதா, நின்று குனிந்து எடுத்த எக்ஸ்ரேயில் அது தெரிகிறதா என்று கேட்பது உங்கள் உரிமை. வெறும் டிஸ்க் பிதுக்கத்துக்கு முதல் ஆபரேஷனே ஃப்யூஷன் என்று சொன்னால், இன்னொரு முதுகுத்தண்டு மருத்துவரிடம் எம்ஆர்ஐயைக் காட்டாமல் முன்பணம் கட்டாதீர்கள். அதேசமயம் கால் பலவீனமாகிறது, சிறுநீர் அடக்க முடியவில்லை என்றால் இந்த ஒப்பீட்டுக்கெல்லாம் நேரமில்லை. உடனே சேர்க்க வேண்டும்.

எஸ்டிமேட்டை எழுத்தில், பிரித்து வாங்குங்கள்: ரூம், சர்ஜன், மயக்க மருத்துவர், தியேட்டர், இம்ப்ளான்ட் (கம்பெனி, எண்ணிக்கை), மருந்து, ஐசியு நாட்கள், நியூரோ மானிட்டரிங். கடைசியாகச் சொன்னது ஆபரேஷன் நடக்கும்போது நரம்பைக் கண்காணிக்கும் கருவி. இதற்கும் ரோபோ உதவியுடன் செய்யும் ஆபரேஷனுக்கும் பல பாலிசிகளில் தனி உச்சவரம்பு உண்டு. அதைத் தாண்டினால் மீதி உங்கள் தலையில்.

ரூம் வாடகை வரம்பைத் தாண்டினால் அந்த வித்தியாசத்தை மட்டும் கட்டினால் போதும் என்றார் ஏஜென்ட். சரிதானே?
– முருகேசன், விருதுநகர்

தவறு. அதிகம் பேர் ஏமாறும் இடமும் இதுதான். கணக்கைப் பாருங்கள்.

பாலிசி ஐந்து லட்சம். ரூம் வரம்பு ஒரு சதவீதம், அதாவது நாளுக்கு 5,000 ரூபாய். நீங்கள் எடுத்தது 10,000 ரூபாய் ரூம், நான்கு நாள். பில்லில் ரூம் 40,000, சர்ஜன், மயக்க மருத்துவர், தியேட்டர் கட்டணங்கள் 1,80,000, இம்ப்ளான்ட் 90,000, மருந்து 40,000, பரிசோதனை 20,000. மொத்தம் 3,70,000 என்று வைத்துக்கொள்வோம்.

ரூம் வரம்பைத் தாண்டினால் அதே விகிதத்தில் மற்ற சில கட்டணங்களையும் கழிப்பார்கள். இங்கே வரம்பு ரூம் வாடகையில் பாதிதான் என்பதால் ரூமுக்குப் பாதி, 20,000. சர்ஜன், தியேட்டர் வகைக்கும் பாதி, 90,000. இம்ப்ளான்ட், மருந்து, பரிசோதனை மூன்றும் முழுதாக 1,50,000. ஆக, கம்பெனி தருவது 2,60,000. உங்கள் கையிலிருந்து 1,10,000. ரூம் வித்தியாசம் என்று ஏஜென்ட் சொன்னது 20,000தான்!

இம்ப்ளான்ட், மருந்து, பரிசோதனை, ஐசியு கட்டணம் ஆகியவற்றில் இந்த விகிதக் கழிவு கூடாது என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் விதி. ரூமைப் பொறுத்துக் கட்டணத்தை மாற்றாத மருத்துவமனையிலும் கழிக்கக் கூடாது. செட்டில்மென்ட் கடிதத்தில் மொத்த பில்லையும் பாதியாக்கியிருந்தால் மேலே சொன்ன கணக்கில் கூடுதலாக 75,000 போகும். எழுதிக் கேளுங்கள், திரும்ப வரும்.

பாலிசி எடுத்து 14 மாதம் ஆகிறது. டிஸ்க் ஆபரேஷனுக்கு கேஷ்லெஸ் மறுத்துவிட்டார்கள். ஏன்?
– வாசகர், ஓசூர்

பெரும்பாலான தனிநபர் பாலிசிகளில், குறிப்பிட்ட சில நோய்களுக்கு 24 மாதக் காத்திருப்பு உண்டு. டிஸ்க் கோளாறு அந்தப் பட்டியலில் இருக்கும். பாலிசி எடுக்கும் முன்பே வலி இருந்திருந்தால் காத்திருப்பு 36 மாதம் வரை போகலாம் (2024 ஏப்ரலுக்கு முன் 48 மாதம்). விபத்தில் அடிபட்டிருந்தால் இந்த 24 மாதம் பொருந்தாது. அதற்காக "மாடிப்படியில் விழுந்தார்" என்று எழுதச் சொல்லிவிடாதீர்கள். எம்ஆர்ஐயில் தேய்மானம் தெரியும். பழைய ஓபி சீட்டில் "மூன்று வருட முதுகுவலி" என்றிருக்கும். கிளைமோடு பாலிசியும் போகும்.

வேறு கம்பெனியிலிருந்து இடைவெளி விடாமல் பாலிசியை மாற்றி (போர்ட் செய்து) வந்தவர் என்றால் பழைய ஆண்டுகளும் கணக்கில் சேர வேண்டும். இதைச் சேர்க்காமல் மறுப்பது அடிக்கடி நடக்கிறது. வேலை செய்யும் இடத்தில் குரூப் பாலிசி இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். பலவற்றில் காத்திருப்பே இல்லை.

அம்மாவுக்கு வயது 67. காப்பீடே இல்லை. என்ன வழி?
– சரவணன், பெரம்பலூர்

இனிமேல் பாலிசி எடுத்தால் இந்த ஆபரேஷனுக்கு உதவாது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை கிடைக்கும். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள திட்ட மையத்துக்குப் போங்கள். ஆபரேஷன் பட்டியலில் இருக்க வேண்டும், மருத்துவமனை திட்டத்தில் சேர்ந்திருக்க வேண்டும், அனுமதி முன்கூட்டியே வாங்க வேண்டும். பணம் கட்டிவிட்டுப் பிறகு கார்டை நீட்டினால் திரும்பக் கிடைக்காது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இந்த ஆபரேஷன்கள் நடக்கின்றன, காத்திருக்க வேண்டியிருக்கும்.

தனியாரில் பேக்கேஜ் பேசினால், அதில் எது சேராது என்று கேளுங்கள். ஐசியுவில் கூடுதல் நாள், ரத்தம், பிசியோதெரபி இவைதான் பிறகு முளைக்கும். அம்மா 60 தாண்டியவர், காப்பீடு இல்லாதவர் என்பதால், நீங்கள் பழைய வருமான வரிமுறையில் இருந்தால் அவருடைய மருத்துவச் செலவில் 50,000 ரூபாய் வரை உங்கள் வருமானத்தில் கழிக்கலாம். ரொக்கமாகக் கட்டினால் செல்லாது. கார்டு, யுபிஐ, காசோலை எதிலாவது கட்டுங்கள்.

இடுப்பு பெல்ட், வாக்கர் பணத்தைக் கழித்துவிட்டார்கள். புகார் செய்யலாமா?
– நாகராஜன், ஈரோடு

பலனில்லை. பாலிசியில் தனியாகச் சேர்த்திருந்தாலொழிய இரண்டும் 'தரத் தேவையில்லாத பொருட்கள்' பட்டியலில் இருப்பவை. ஆனால் டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய பிசியோதெரபியை விட்டுவிடாதீர்கள். மருத்துவர் எழுதித் தந்திருந்தால், பாலிசியைப் பொறுத்து 60 முதல் 180 நாள் வரை கேட்கலாம். அட்மிஷனுக்கு முன்பு எடுத்த எம்ஆர்ஐ ரசீதையும் சேர்த்து அனுப்புங்கள். மறுத்தால் கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றாலோ பதில் திருப்தி தராவிட்டாலோ சென்னையில் உள்ள காப்பீட்டு குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது. கம்பெனி மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு கொடுத்துவிட வேண்டும்.