வீட்டுப் பராமரிப்பு: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

கேள்வி: அடுக்குமாடிக் குடியிருப்பில் முதல் தளத்தில் இருக்கிறோம். சமையலறைத் தொட்டியில் தண்ணீர் இறங்காமல் நிற்கிறது. நேற்று இரவு என் கணவர் கடையில் விற்கும் அடைப்பு நீக்கும் தூளை இரண்டு பாக்கெட் கொட்டினார், பயனில்லை. பிளம்பர் 800 ரூபாய் கேட்கிறார். "இதற்குப் போய் 800 ரூபாயா, தொட்டிக்கு அடியில் இருக்கும் குழாயை நானே கழற்றுகிறேன்" என்கிறார் இவர். கழற்ற விடலாமா?
– வாசகி, தாம்பரம்

பதில்: கழற்றட்டும் அம்மா. ஆனால் அவசரப்பட வேண்டாம். அந்தத் தூள் பெரும்பாலும் காஸ்டிக் சோடா. உங்கள் தொட்டியில் இப்போது நிற்பது வெறும் பாத்திரம் கழுவிய தண்ணீர் அல்ல. தோலையும் கண்ணையும் அரிக்கும் காரம். கீழே படுத்து அண்ணாந்து பார்த்தபடி திருகினால் அது நேராக முகத்தில்தான் இறங்கும். ரப்பர் பம்பை வைத்து அழுத்துவதும் இப்போது கூடாது, தெறிக்கும்.

முதலில் ரப்பர் கையுறையும் கண்களை முழுதாக மூடும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். தண்ணீரை பிளாஸ்டிக் மக்கால் மொண்டு பிளாஸ்டிக் வாளியில் சேர்க்க வேண்டும். அலுமினியப் பாத்திரத்தை எடுத்துவிடாதீர்கள், காஸ்டிக் அதைத் தின்றுவிடும். மொண்டதைக் கழிப்பறையில் சிறிது சிறிதாக, நிறையத் தண்ணீரோடு ஊற்றலாம். மேலே பட்டுவிட்டால் குழாயடியில் குறைந்தது 20 நிமிடம் கழுவுங்கள். கண்ணில் பட்டால் அப்படிக் கழுவிய கையோடு மருத்துவரிடம் போக வேண்டும்.

"தூள் கேட்காவிட்டால் ஆசிட் ஊற்று" என்று சொல்ல ஒவ்வொரு தெருவிலும் ஒருவர் இருப்பார். காரத்தின் மேல் ஆசிட் விழுந்தால் கொதித்துத் தெறிக்கும். பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் குளோரின் வாயுவே கிளம்பும். பிளம்பரைக் கூப்பிடுவதானாலும் தூள் கொட்டியதை முதலில் சொல்லிவிடுங்கள். சிலர் வெட்கப்பட்டு மறைக்கிறார்கள். கை வைக்கப்போவது அந்த மனிதர்தானே.

இனி டிராப். தொட்டிக்கு அடியில் கிண்ணம் போலத் தொங்குகிறதே, அது பாட்டில் டிராப். அதன் கீழ்ப்பாதியைக் கையாலேயே இடப்பக்கமாகத் திருகினால் கழன்று வந்துவிடும். ஸ்பேனர் போட்டால் பிளாஸ்டிக் மரை தேய்ந்துவிடும். கீழே வாளி இருக்கட்டும். உள்ளே பார்த்தால் புளிச்சக்கை, கறிவேப்பிலைக் காம்பு, ஊறிப் பருத்த சோறு, தேங்காய்நார் எல்லாம் சேர்ந்து, அதன்மேல் வெள்ளையாக உறைந்த கொழுப்பு படிந்திருக்கும். இந்தக் கொழுப்புதான் ஆணிவேர். மற்றதெல்லாம் அதில் போய் ஒட்டிக்கொண்டதுதான். கிண்ணத்தை பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, வாஷர் மடங்காமல் உட்காருகிறதா என்று பார்த்து மாட்டுங்கள். டிராப்பே வேண்டாம் என்று எடுத்துவிட்டு நேராகக் குழாயைச் செருகும் மேதைகளும் உண்டு. கிண்ணத்தில் நிற்கும் அந்தக் கொஞ்சத் தண்ணீர்தான் சாக்கடை நாற்றத்தையும் கரப்பான் பூச்சியையும் வீட்டுக்குள் வரவிடாமல் தடுக்கிறது.

டிராப் சுத்தம், ஆனாலும் தண்ணீர் இறங்கவில்லை என்றால் அடைப்பு சுவருக்குள் போகும் குழாயில் இருக்கிறது. உங்கள் கணவரின் வேலை அங்கே முடிந்தது. கம்பியை முரட்டுத்தனமாகக் குத்தினால் வளைவில் குழாய் விரிசல் விடும். பிறகு டைல்ஸை உடைக்க வேண்டிவரும். ஸ்பிரிங் கம்பி விட்டு அந்தக் குழாயைச் சுத்தம் செய்ய 800 ரூபாய் என்றால் நியாயம். டிராப்பைக் கழற்றி மாட்ட மட்டும் என்றால் அதிகம். "கம்பி விடுவீர்களா, ஆசிட் ஊற்றுவீர்களா?" என்று முன்பே கேளுங்கள். ஆசிட் என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

அதற்கு முன் இன்னொன்று. மேல் வீட்டாரை அவர்கள் சமையலறைத் தொட்டியில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். உங்கள் தொட்டியில் தண்ணீர் மேலேறினால் அடைப்பு பொதுக் குழாயில். அது குடியிருப்போர் சங்கம் செலவு செய்ய வேண்டிய வேலை. உங்கள் 800 ரூபாய் பத்திரம்.

கேள்வி: எங்கள் தனி வீட்டில் கழிப்பறையில் தண்ணீர் ஊற்றினால் குளியலறைத் தரை வழியாகப் பொங்குகிறது. செப்டிக் டேங்க் நிறைந்துவிட்டதாம். ஒருவர் உள்ளே இறங்கி அள்ளித் தருகிறேன் என்கிறார். கழிவுநீர் லாரியைவிடச் செலவு குறைவு. சரியா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: கூடவே கூடாது. டேங்கில் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு தேங்கியிருக்கும். அழுகிய முட்டை வாடை வந்தால் தெரிந்துவிடும் என்று நம்புகிறார்கள். அளவு கூடும்போது அந்த வாயு மூக்கையே மரத்துப்போகச் செய்துவிடும். இறங்கியவர் மயங்கி விழ, தூக்கப் போனவரும் விழுந்து இறப்பது செய்தித்தாளில் நாம் படித்துப் படித்துச் சலித்த செய்தி. மனிதரைக் கொண்டு மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் உரிய பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதைத் தடை செய்கிறது. முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நான் வீட்டுக்காரன்தானே என்று தப்ப முடியாது. வேலைக்கு வைத்தவர் நீங்கள்.

மாநகராட்சி அலுவலகத்தில் கேட்டு உரிமம் பெற்ற கழிவுநீர் லாரியை வரவழையுங்கள். மூடியைத் திறந்ததும் குனிந்து பார்க்கவோ தீக்குச்சி கிழிக்கவோ வேண்டாம். லாரி வரும்வரை துணி துவைப்பதைத் தள்ளிப்போடுங்கள்.