கடலோர வீட்டுக்குத் தகரக் கூரை: கடைக்காரரிடம் கேட்க வேண்டியவை

கேள்வி: வேளாங்கண்ணியில் கடலிலிருந்து சுமார் 300 மீட்டரில் வீடு. மொட்டை மாடியில் ஷீட் போடப் போகிறோம். ஒரு கடையில் ஜிஐ கலர் ஷீட், இன்னொன்றில் கால்வல்யூம் கலர் ஷீட் என்கிறார்கள். ஃபேப்ரிகேட்டரோ அலுமினியமே போடுங்கள் என்கிறார். எது தாங்கும்?

கலரையும் பிராண்டையும் பிறகு பார்க்கலாம். பெயின்டுக்கு அடியில் என்ன பூச்சு, சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்பதை முதலில் கேளுங்கள். ஜிஐ என்றால் வெறும் துத்தநாகம். உப்புக்காற்றில் அது வேகமாகக் கரையும். கால்வல்யூம் என்பது 55 சதவீதம் அலுமினியம், 43.4 சதவீதம் துத்தநாகம், 1.6 சதவீதம் சிலிக்கான் கலந்த பூச்சு. அலுமினியம் அரிப்பைத் தடுத்து நிற்கும். கீறல் விழுந்த இடத்தையும் வெட்டிய ஓரத்தையும் துத்தநாகம் காக்கும். இந்தப் பூச்சின் எடையைக் காட்டும் குறியீடு ஏஇசட். உங்கள் தூரத்துக்கு ஏஇசட் 150க்குக் குறைந்து வாங்காதீர்கள். இரு பக்கமும் சேர்த்து 150 கிராம், அதாவது பக்கத்துக்குச் சுமார் 20 மைக்ரான். கடைகளில் கலர் ஷீட் என்று பொதுவாகச் சொல்லி விற்பதில் ஏஇசட் 70ம் உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

அலை உடைந்து சாரல் நேராக விழுகிற முதல் வரிசை வீடு என்றால் அலுமினியம்தான் எங்கள் பரிந்துரை. 0.7 மிமீ அலுமினியம் சதுர மீட்டருக்கு 2 கிலோகூட வராது, 0.5 மிமீ இரும்பு ஷீட் 4 கிலோவை நெருங்கும். ஆனால் அலுமினியம் இரும்பைவிட இரண்டு மடங்கு விரியும். 6 மீட்டர் ஷீட் 40 டிகிரி சூட்டு வித்தியாசத்தில் ஐந்தரை மிமீ நீளும். ஸ்க்ரூ ஓட்டையில் இடம் விடாமல் இறுக்கினால் ஓட்டை கிழிந்து ஒழுகத் தொடங்கும். ஷீட்டைத் தாங்கும் இரும்புக் குறுக்குப் பைப்பின் (பர்லின்) மேல் அலுமினியம் நேராகப் படியவும் விடக்கூடாது. இடையில் ரப்பர் டேப் ஒட்டச் சொல்லுங்கள்.

பெயின்டில் பிவிடிஎஃப் (ஃப்ளூரின் கலந்த உயர்தர பெயின்ட்) நல்லதுதான். வெயிலில் நிறம் எளிதில் வெளுக்காது. ஆனால் ஏஇசட் 70 மேல் அடித்த பிவிடிஎஃப்பைவிட ஏஇசட் 150 மேல் அடித்த எஸ்எம்பிக்கே (சிலிக்கான் கலந்த பாலியஸ்டர் பெயின்ட்) எங்கள் ஓட்டு.

கேள்வி: 0.50 மிமீ என்று பில் போட்டுத் தருகிறார்கள். கையில் எடுத்தால் மெல்லிசாகத் தெரிகிறது. எப்படிச் சரிபார்ப்பது?

முதலில் அந்த 0.50 டிசிடியா, பிஎம்டியா என்று கேளுங்கள். டிசிடி என்பது பெயின்டும் பூச்சும் சேர்ந்த மொத்தக் கனம். பிஎம்டி வெறும் இரும்பின் கனம். ஏஇசட் 150 கலர் ஷீட்டில் டிசிடி 0.50 என்றால் உள்ளே இரும்பு 0.43 மிமீ அளவுக்குத்தான் இருக்கும். இது மோசடி இல்லை, அளக்கும் முறை. 0.45ஐ 0.50 என்று விற்பதுதான் மோசடி.

ஷீட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். நல்ல கம்பெனி ஷீட்டில் பெயர், பூச்சு எடை, கனம், பேட்ச் எண் ஆகியவை வரிசையாக அச்சடித்திருக்கும். அந்த பேட்சுக்கு உரிய மில் சர்டிபிகேட் (தயாரித்த ஆலை தரும் தரச் சான்று) கேளுங்கள். அதில் ஐஎஸ் 15965 என்று இருந்தால் அலுமினியம்–துத்தநாகப் பூச்சுமேல் பெயின்ட் அடித்தது. ஐஎஸ் 14246 என்றால் ஜிஐமேல் அடித்தது. கால்வல்யூம் என்று வாயால் சொல்லி 14246 தாளை நீட்டினால் சரக்கைத் திருப்பி அனுப்புங்கள்.

அதைவிட எளிது எடை. 1220 மிமீ அகல காயிலில் உருட்டிய 0.50 டிசிடி ஷீட் 12 அடிக்கு ஏறத்தாழ 16 கிலோ வரும். 0.45 என்றால் 14 கிலோ சொச்சம். ஒரே ஒரு ஷீட்டை நிறுத்தால் வித்தியாசம் தராசுப் பிழையில் மறைந்துவிடும். பத்து ஷீட்டாக ஏற்றுங்கள்: 160க்குப் பதில் 142 காட்டினால் பேச வேண்டியது நிறைய இருக்கிறது. ரன்னிங் அடிக் கணக்கில் வாங்கினாலும் பில்லில் கிலோவையும் எழுத வையுங்கள்.

கேள்வி: போட்டு இரண்டு வருடம். ஷீட் புதுசு மாதிரி இருக்கிறது, ஆனால் ஸ்க்ரூ எல்லாம் துரு. ஒவ்வொன்றின் கீழும் பழுப்புக் கோடு இறங்குகிறது.

கடலோரத்தில் முதலில் போவது ஸ்க்ரூதான். ஷீட்டுக்கு லட்சம் செலவழித்துவிட்டு ஸ்க்ரூவைப் பெட்டிக் கணக்கில் ஃபேப்ரிகேட்டர் கையில் விட்டால் அவர் மஞ்சள் முலாம் போட்ட சாதாரண ஸ்க்ரூவைத்தான் வாங்கி வருவார். கிளாஸ் 4 பூச்சும் (கடலோரத்துக்கான தரம்) ஈபிடிஎம் வாஷரும் (வெயில் தாங்கும் ரப்பர்) உள்ளதை நீங்களே வாங்கிக் கொடுங்கள். பழையதைக் கழற்றும்போது ஒரு அளவு பெரிய தடிமனில் கிளாஸ் 4 ஸ்க்ரூ போட்டால் தளர்ந்த ஓட்டையும் பிடிக்கும். வாஷர் லேசாகப் பிதுங்கும் வரை இறுக்கினால் போதும். தட்டையாக நசுக்கினால் ரப்பர் வெடித்து, அங்கேயே தண்ணீர் தங்கும்.

‘எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போட்டால் துருவே பிடிக்காதே’ என்று தோன்றும். ஸ்க்ரூவுக்கு எளிதில் பிடிக்காது, ஆனால் உப்பு ஈரத்தில் அந்த ஸ்க்ரூ தன்னைச் சுற்றியுள்ள 20 மைக்ரான் பூச்சைத் தின்றுவிடும். கால்வல்யூமில் எஸ்எஸ் வேண்டாம். அலுமினிய ஷீட்டுக்கு 316 எஸ்எஸ், நல்ல வாஷரோடு, சரி.

துரு ஷீட் ஓரத்திலும் புள்ளி புள்ளியாக இருந்தால் அது கிரைண்டர் வேலை. கட்டிங் மெஷின் சூட்டில் பெயின்ட் கருகும்; பறக்கும் பொறி ஷீட்டில் ஒட்டி, முதல் மழையிலேயே துருப்புள்ளியாகும். தகரக் கத்தரியோ நிப்ளரோ (தகரத்தைக் கடித்து வெட்டும் கருவி) கொண்டு வெட்டச் சொல்லுங்கள். அன்றன்றைக்கு இரும்புத் துகளைக் கூட்டி எடுக்க வேண்டும். வெட்டிய ஓரம் கூரை உச்சியில் வரும் ரிட்ஜுக்கு அடியில் போகட்டும், தாழ்வாரப் பக்கம் வேண்டாம்.

பர்லினையும் பாருங்கள். எம்எஸ் (சாதாரண இரும்பு) பைப்பின் வாய் திறந்திருந்தால் வெளியே பெயின்ட் பளபளக்கும்போதே உள்ளிருந்து அரிக்கும். ஜிஐ பைப், இரு முனையும் அடைப்பு, வெல்டிங் வைத்த இடமெல்லாம் ஜிங்க் பெயின்ட். இந்த மூன்றும் இல்லாத எஸ்டிமேட்டை ஒப்புக்கொள்ளாதீர்கள். 2018 கஜா மாதிரிக் காற்று கூரையின் ஓரத்தைத்தான் முதலில் பிடித்துத் தூக்கும். நடுவில் பர்லின் 1.2 மீட்டர் இடைவெளியில் இருந்தாலும் தாழ்வாரம், ரிட்ஜ், மூலைகளில் நெருக்கமாக வைத்து, அங்கே ஷீட்டின் ஒவ்வொரு மேட்டிலும் ஸ்க்ரூ அடிக்க வேண்டும்.

கேள்வி: பத்து வருட வாரண்டி என்றார்கள். இப்போது ஷீட்டின் அடிப்பக்கம் உப்பிக்கொண்டு உரிகிறது. கடைக்காரர் கைவிரிக்கிறார்.

வாரண்டி தாளில் இரண்டு வரியைத் தேடுங்கள்: கடலிலிருந்து இத்தனை தூரத்துக்குள் செல்லாது என்பது ஒன்று, நல்ல தண்ணீரில் கழுவியிருக்க வேண்டும் என்பது இன்னொன்று. தூரம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வாங்கும்போதே உங்கள் முகவரியையும் கடல் தூரத்தையும் எழுதி, கம்பெனி முத்திரையோடு வாங்கியிருந்தால்தான் அது வாரண்டி.

அடிப்பக்கம் உரிவதற்குக் காரணம் இருக்கிறது. மேல்பக்கம் பெயின்ட் 20 மைக்ரான், அடிப்பக்கம் பெரும்பாலும் 5 முதல் 7தான். மேலே படியும் உப்பை மழை கழுவிவிடும். தாழ்வாரத்துக்கு அடியில் மழை படுவதில்லை. நான்கு பக்கமும் திறந்த ஷெட்டுக்கு இரு பக்கமும் முழு கோட் உள்ள ஷீட்டை ஆர்டர் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். இனியாவது மூன்று மாதத்துக்கு ஒருமுறை அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் அடித்துக் கழுவுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அது வேண்டாம்.

பில், ஷீட்டின் பின்பக்க அச்சின் படம், ஒரு துண்டு ஷீட் இவற்றை எடுத்து வைத்துக்கொண்டு, கடைக்கும் கம்பெனிக்கும் ஸ்பீட் போஸ்டில் எழுதுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, புகாருக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும்.

கேள்வி: ஷீட்டின்மேல் ஏசி அவுட்டோர் வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் ஏசித் தண்ணீரை ஷீட்டில் சொட்ட விடாதீர்கள். செம்புக் காயிலைத் தொட்டு வரும் தண்ணீர் விழுகிற தடத்தில் பூச்சு போய்விடும். தனிக் குழாய் போட்டுக் கீழே இறக்குங்கள். சுவரும் ஷீட்டும் சேரும் இடத்தில் சிமென்ட் கலவை வைத்துப் பூசுவதும் இதே கதைதான், பூச்சில் உள்ள அலுமினியத்துக்குச் சுண்ணாம்புக் காரம் ஆகாது. அதே கலர் ஷீட்டில் மடித்த ஃபிளாஷிங்கும் (இடைவெளியை மூடும் தகடு) சீலன்ட்டும் போட்டு அடையுங்கள்.