ஆடாதோடைச் சாற்றுக்குத் தடை வளையம் தோன்றாதது பற்றி

வணக்கம். ஆடாதோடை இலையிலிருந்து ஹெக்சேன் என்னும் கரைப்பானால் எடுத்த சாற்றைத் தாள்வில்லையில் ஏற்றி, எச்37ஆர்வி என்னும் ஆய்வக வகைக் காசநோய்க் கிருமி வளரும் அகார் தட்டில் வைத்தும், வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத தடை வளையம் தோன்றவில்லை என்றும், ஆய்வைக் கைவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கைவிட வேண்டாம், குறை செடியில் அல்ல, முறையில் இருக்கக்கூடும். நீரில் கரையாத ஹெக்சேன் சாறு அகாருக்குள் சரியாகப் பரவாது. அத்துடன், ஏறத்தாழ 20 மணி நேரத்துக்கு ஒரு முறையே இரட்டிக்கும் இக்கிருமி கண்ணுக்குத் தெரியும் அளவு வளர மூன்று, நான்கு வாரங்கள் ஆவதால், அதற்குள் சாற்றின் வீரியம் குறைந்துவிடவும் வாய்ப்புண்டு.

மிடில்புரூக் 7எச்9 திரவ ஊடகத்தில், 96 குழித் தட்டில், ரெசாசூரின் என்னும் நீலச் சாயத்தைச் சேர்த்துப் பார்க்கும் முறைக்கு மாறுங்கள். உயிருள்ள கிருமி அச்சாயத்தின் நீலத்தை இளஞ்சிவப்பாக்கும். நீலம் நீடித்தால் வளர்ச்சி தடைபட்டிருக்கிறது என்று கொள்ளலாம். ஆனால் இலைச் சாற்றிலுள்ள ஃபீனால்கள் கிருமியே இல்லாமலும் சாயத்தின் நிறத்தை மாற்றக்கூடும், பச்சையமோ நிறத்தையே மறைத்துவிடும். ஆகவே ஒவ்வொரு செறிவுக்கும் கிருமியில்லாத சாற்றுக் குழி ஒன்றைக் கட்டாயம் வையுங்கள். நல்ல ஆய்வுகள் பல இந்த ஒரு குழி இல்லாமல் வீணாவதே என் கவலை. ஒப்பிட, சாறின்றிக் கரைப்பான் மட்டும் சேர்த்த குழியும், காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் சேர்த்த குழியும் உடன் இருக்கட்டும்.

மெத்தனால் சாற்றையும் சேர்த்துச் சோதியுங்கள், ஏனெனில் இச்செடியின் வாசிசின் என்னும் ஆல்கலாய்டு அதில்தான் நன்கு இறங்கும். வாசிசினை அடியொற்றி உருவான சளியிளக்கி மருந்துகளான புரோம்ஹெக்சினும் அம்பிராக்சாலும் காசநோய்க் கிருமியின் வளர்ச்சியை ஆய்வகத்தில் தடுப்பது 1996-இல் வெளியாகியுள்ளது.

எச்37ஆர்வியை மூன்றாம் நிலை உயிர்ப்பாதுகாப்பு ஆய்வகத்துக்கு வெளியே ஒருபோதும் கையாளாதீர்கள். அந்த வசதி கிடைக்கும் வரை, காசநோய்க் கிருமியின் பேரினத்தையே சேர்ந்த, வேகமாக வளரும் ஸ்மெக்மாட்டிஸ் இனத்தில் முறையைப் பழகிக்கொள்ளுங்கள்.