வாசகர் கேள்வி – பதில்: பங்குனிக்கு முன்னால் வீட்டைத் தேடி வரும் பறவைகள்

மாசி மாதத்தில் இப்பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் பறவைகளைப் பற்றியவை. முருங்கையும் கல்யாண முருங்கையும் பூத்து, பின்பனி குறைந்து, இளவேனிலுக்கு இன்னும் சில வாரங்களே இருக்கும் இந்த நாட்களில் வீட்டைச் சுற்றியுள்ள பறவைகள் கூடு கட்டத் தொடங்குகின்றன. வெள்ளையடிப்பதும், மரம் கழிப்பதும், வற்றல் காயப்போடுவதும் வீடுகளில் இதே காலத்தில்தான் நடக்கின்றன. எனவே வந்த கேள்விகளில் பல, இரண்டும் இடித்துக்கொள்ளும் இடத்திலிருந்தே பிறந்திருக்கின்றன.

எங்கள் வீட்டுப் போர்டிகோவில் தொங்கும் பழைய மின்கம்பியின் நுனியில் ஒரு சிறிய குருவி பை வடிவில் கூடு கட்டியிருக்கிறது. பக்கவாட்டில் வாசலும் அதற்கு மேல் சிறு தாழ்வாரமும் இருக்கின்றன. வைகாசியில் மகளுக்குத் திருமணம். பங்குனியிலேயே வண்ணம் பூசிவிட வேண்டும் என்கிறார் என் கணவர். கூட்டை வேறு இடத்துக்கு மாற்றலாமா? – வாசகி, தஞ்சாவூர்

மாற்ற வேண்டாம். கூடு இருக்கும் இடத்தைத்தான் தாய்ப்பறவை தேடி வரும். சில அடி தள்ளி வைத்தாலும் அதைக் கைவிட்டுவிடக்கூடும்.

உங்கள் வீட்டில் குடியேறியிருப்பது பெரும்பாலும் ஊதாப்பிட்டுத் தேன்சிட்டாக இருக்கும். கூடு முழுவதையும் பெண் பறவையே கட்டுகிறது. ஆண் கூடவே பறந்து வந்து பார்த்துவிட்டுப் போவதோடு சரி. இதைப் படிக்கும் இல்லத்தரசிகள் வியப்படைய மாட்டார்கள் என்று நம்புகிறேன். மெல்லிய நார்களைச் சிலந்தி வலையின் இழைகளால் பிணைத்து, வெளிப்புறத்தில் மரப்பட்டைத் துணுக்குகளையும் உலர்ந்த விதைகளையும் ஒட்டி, உட்புறத்தில் எருக்கம்பஞ்சு போன்ற மென்மையான பொருளைப் பரப்பி அது கூட்டை முடிக்கிறது. ஒட்டடை அடிக்காமல் விட்ட மூலை ஏதேனும் உங்கள் வீட்டில் இருந்தால், கூட்டின் ஒரு பகுதி அங்கிருந்தே போயிருக்கும். தூரத்திலிருந்து பார்ப்பவருக்குக் காற்றில் சிக்கிய குப்பை என்றே தோன்றும்படி அது இருப்பது, பகையிடமிருந்து தப்புவதற்குப் பேருதவியாக இருக்கிறது.

வழக்கமாக இரண்டு முட்டைகள் இடும். அவை பொரிய 14 முதல் 16 நாட்களும், பொரித்த குஞ்சுகள் கூட்டை விட்டுப் பறக்க ஏறத்தாழ 17 நாட்களும் ஆகும். ஆகவே இன்று முட்டையிட்டிருந்தாலும் ஐந்து வாரங்களுக்குள் கூடு காலியாகிவிடும். பங்குனி முடிவதற்குள் போர்டிகோ உங்கள் கைக்குத் திரும்பிவிடும். அதுவரை உள்ளறைகள், பின்கட்டு, மாடிச் சுவர் ஆகியவற்றை முதலில் முடித்துக்கொண்டு, போர்டிகோவை மட்டும் சித்திரைக்குத் தள்ளி வைக்கும்படி உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். திருமணத்துக்கு முன் பூசிய வண்ணம் எவ்வளவு புதியதாக இருக்கிறதோ அவ்வளவு நல்லதுதானே என்ற வாதமும் உங்களுக்குக் கைகொடுக்கலாம்.

நீங்கள் வழக்கம்போல் வாசல் தெளிப்பதாலும், கோலம் போடுவதாலும், வருவோர் போவோர் நடமாட்டத்தாலும் அந்தப் பறவைக்குத் தொல்லை இல்லை. மனிதர்கள் நடமாடும் இடம் என்று தெரிந்தே அது அங்கே கட்டியிருக்கிறது. தொல்லை தருவது வேறு: கூட்டின் நேர் எதிரே நின்று உற்றுப் பார்ப்பதும், ஸ்டூல் போட்டு ஏறிக் கைப்பேசியை உள்ளே நீட்டிப் படம் எடுப்பதும்தான். மனிதர்கள் அடிக்கடி போய் நிற்கும் இடத்தைக் காக்கையும் வால்காக்கையும் கவனித்து வைத்துக்கொள்ளக்கூடும். போர்டிகோ விளக்கு கூட்டுக்கு மிக அருகில் இருந்தால் இரவில் அதை அணைத்து வையுங்கள்.

கருநீலத்தில் மின்னும் சிறு பறவை ஒன்று தினமும் காலையில் வந்து, எங்கள் காரின் பக்கக் கண்ணாடியை ஓயாமல் கொத்துகிறது. அலகு உடைந்துவிடுமோ என்று அஞ்சுகிறோம். – வாசகர், கோயம்புத்தூர்

அது ஊதாத் தேன்சிட்டின் ஆண். இனப்பெருக்கக் காலத்தில் தன் எல்லைக்குள் இன்னோர் ஆணைப் பொறுத்துக்கொள்ளாத அப்பறவை, கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தையே எதிரியாகக் கொண்டு சண்டையிடுகிறது. எதிரியோ சளைப்பதாக இல்லை. அதனால்தான் சண்டை மணிக்கணக்கில் நீள்கிறது. அலகு உடைவது அரிது. ஆனால் குஞ்சுகளுக்குச் செலவிட வேண்டிய வலிமையெல்லாம் வீணாகிறது. காரை நிறுத்தியவுடன் பக்கக் கண்ணாடியின் மேல் ஒரு துணிப்பையை மாட்டிவிடுங்கள். சன்னல் கண்ணாடியாக இருந்தால் உட்புறத் திரைச்சீலையால் பயன் இல்லை. பிரதிபலிப்பு வெளிப்புறத்தில்தான் உண்டாகிறது என்பதால் வெளியிலிருந்தே காகிதமோ துணியோ ஒட்ட வேண்டும். இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் ஆணின் மினுமினுப்பு மறைந்து, மஞ்சள் வயிற்றின் நடுவே ஒரு கருங்கோடு மட்டும் மிஞ்சும். அப்போது இந்தச் சண்டையும் ஓய்ந்திருக்கும்.

குயில் மாசி வரை எங்கே போயிருந்தது என்று என் பேரன் கேட்கிறான். பப்பாளி மரத்துக்குப் புள்ளிகள் நிறைந்த பழுப்புப் பறவை ஒன்றும் வருகிறது. அது யார்? – வாசகர், திருநெல்வேலி

குயில் எங்கும் போகவில்லை. ஆண்டு முழுவதும் அது உங்கள் தெருவிலேயே இருந்தது; பாடாமல் இருந்ததால் உங்கள் காதுக்குத் தெரியவில்லை. அடர்ந்த இலைகளுக்குள் ஒளிந்து பழம் தின்னும் பறவை என்பதால் கண்ணுக்கும் தெரிந்திருக்காது. புள்ளிகள் நிறைந்த பழுப்புப் பறவை அதன் பெண். கருமையான உடலும் சிவந்த கண்களும் உடைய ஆண்தான் "குக்கூ" என்று குரலை உயர்த்திக்கொண்டே போய்ப் பாடுகிறது. பெண்ணின் குரல் "கிக் கிக் கிக்" என்று அடுக்கடுக்காக, சற்றுக் கரகரப்பாக இருக்கும். பெண்குரல் இனிமைக்குக் குயிலைச் சொல்வது நம் பழக்கம். பாடுவது ஆண்தான் என்பதைப் பேரனிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

பேரனுக்கு வேடிக்கை காட்ட வேண்டுமானால், இன்னும் சில வாரங்களில் காக்கைக் கூட்டைக் கவனிக்கச் சொல்லுங்கள். குயில் கூடு கட்டுவதில்லை. காக்கையின் கூட்டில் முட்டையிடுகிறது. ஆண் குயில் கூட்டுக்கு அருகில் சென்று காக்கைகளைச் சீண்டித் துரத்த வைக்கும்போது, பெண் நுழைந்து முட்டையிட்டுவிட்டுப் போவதைப் பார்த்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். குயில் குஞ்சு காக்கைக் குஞ்சுகளுக்குச் சில நாட்கள் முன்னதாகவே பொரிந்து, இரையில் பெரும்பங்கைத் தட்டிக்கொள்ளும். ஆனாலும் அயல்நாட்டுக் குக்கூக்கள் சில செய்வதுபோல் மற்ற முட்டைகளைக் கூட்டிலிருந்து தள்ளிவிடும் வழக்கம் பெரும்பாலும் அதற்கு இல்லை. பறக்கத் தொடங்கிய பிறகும் வாயைத் திறந்துகொண்டு பின்னாலேயே வரும் குயில் குஞ்சுக்குக் காக்கை ஊட்டுவதை மொட்டை மாடியிலிருந்தே பார்க்கலாம். அதற்கு நல்ல நேரம் காலை பத்து மணிக்கு முன்.

மூன்றாம் மாடிக் குடியிருப்பின் பால்கனியில் பறவைகளுக்குத் தண்ணீரும் தானியமும் வைக்க விரும்புகிறேன். கொசு வரும் என்று என் மாமியாரும், புறா வரும் என்று பக்கத்து வீட்டாரும் தடுக்கிறார்கள். – வாசகி, சென்னை

இருவரும் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் கொசுவுக்குத் தீர்வு எளிது. முட்டையிலிருந்து கொசுவாக வளர ஏறத்தாழ ஒரு வாரம் தேவைப்படுவதால், நாள்தோறும் தண்ணீரைக் கொட்டி, பாத்திரத்தின் உட்சுவரைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றினால் ஒரு கொசுகூட உருவாகாது. தேய்ப்பது முக்கியம்; டெங்கு பரப்பும் கொசுவின் முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். வாயகன்ற மண்சட்டி போதும். இரண்டு அங்குல ஆழத்துக்கு மேல் வேண்டாம். நடுவில் ஒரு கல்லை வைத்தால் சிறு பறவைகள் நின்று குடிக்கவும் குளிக்கவும் வசதியாக இருக்கும். பிளாஸ்டிக் கிண்ணம் வெயிலில் சூடேறிவிடும். வழவழப்பில் பறவையின் காலும் வழுக்கும்.

தானியத்தைப் பொறுத்தவரை நான் பக்கத்து வீட்டார் கட்சி. அடுக்குமாடிப் பால்கனியில் தானியம் வைத்தால் மாடப்புறாக்களே கூட்டமாக வந்து மற்றவற்றை விரட்டிவிடும். எச்சத்தால் கீழ்வீட்டாரின் துணியும் கெடும். தானியத்தை விட்டுவிட்டுத் தண்ணீர் மட்டும் வையுங்கள். தொட்டியில் வெட்சியோ செம்பருத்தியோ வளர்த்தால் தேன்சிட்டு வரும். கறிவேப்பிலைச் செடியைப் பழுக்க விட்டால் கொண்டைக்குருவி வரும். இலைக்காக ஓயாமல் ஒடிக்கப்படும் கறிவேப்பிலை பழுப்பதில்லை என்பதால், இதற்கு மாமியாரின் சம்மதம் தேவைப்படும். காக்கைக்கு வைக்கும் சாதத்தை நிறுத்த வேண்டியதில்லை. உப்பும் குழம்பும் சேராத வெறும் சாதமாக இருக்கட்டும்.

சிட்டுக்குருவிக்காக என் மகளின் பள்ளியில் கொடுத்த மரப்பெட்டியை மாட்டினோம். இதுவரை ஒரு குருவியும் எட்டிப் பார்க்கவில்லை. கைப்பேசிக் கோபுரம் காரணமா? – வாசகர், சேலம்

கைப்பேசிக் கோபுரத்தால் சிட்டுக்குருவி அழிகிறது என்பதற்குத் தக்க சான்று இல்லை. இந்தியப் பறவைகளின் நிலை குறித்து 2020-இல் வெளியான அறிக்கையின்படி, நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் கடந்த 25 ஆண்டுகளில் சிட்டுக்குருவியின் எண்ணிக்கை ஏறத்தாழ நிலையாகவே இருக்கிறது, பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது. ஓட்டு வீட்டின் இறவாணமும் சுவர்ப் பொந்தும் இருந்த இடத்தில் வழவழப்பான காங்கிரீட்டு வந்துவிட்டதும், முற்றத்து மண் சிமெண்டுக்கு அடியில் போய்விட்டதும் கண்ணால் காணக்கூடிய காரணங்கள்.

பெட்டியைச் சற்றுப் பாருங்கள். துளை ஒன்றேகால் அங்குல விட்டத்துக்கு மேல் பெரிதாக இருந்தால் மைனா புகுந்துவிடும். தரையிலிருந்து எட்டு முதல் பத்தடி உயரத்தில், மாலை வெயில் நேராக விழாத சுவரில், பூனை தாவ முடியாத இடத்தில் மாட்ட வேண்டும். இவை எல்லாம் சரியாக இருந்தும் வரவில்லை என்றால், உங்கள் தெருவில் சிட்டுக்குருவி இருக்கிறதா என்பதே அடுத்த கேள்வி. கூட்டமாக வாழும் பறவை அது. அருகில் குருவிகள் இருந்தால்தான் பெட்டிக்கு ஆள் கிடைக்கும். பெரிய குருவி தானியம் தின்றாலும் குஞ்சுக்குப் புழுவும் பூச்சியும்தான் ஊட்டுகிறது என்பதால், மருந்து தெளித்த தோட்டத்தின் நடுவே தொங்கும் பெட்டி அதற்குப் பயன்படாது. மார்ச் 20 அன்று உலகச் சிட்டுக்குருவி நாளுக்காகப் பெட்டி வழங்கும் பள்ளிகள், பெட்டியோடு ஒரு கைப்பிடிக் கீரை விதையையும் கொடுத்தால் பயன் கூடும் என்பது என் எண்ணம்.

என் மகன் வேலியோரம் கிடந்த கொண்டைக்குருவிக் குஞ்சை எடுத்து வந்துவிட்டான். கூண்டில் வைத்து வளர்க்கலாமா? – வாசகி, மதுரை

கூடாது. நம் நாட்டுக் காட்டுப் பறவைகளைக் கூண்டில் வளர்ப்பதை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது. பச்சைக்கிளிக்கும் இதுவே சட்டம். குஞ்சுக்கு இறகு முளைத்து, தத்தித் தாவினால் அது தொலைந்த குஞ்சு அன்று, பறக்கப் பழகும் குஞ்சு. எடுத்த இடத்துக்கு அருகிலேயே ஒரு செடியின் கிளையில் விட்டுவிட்டுத் தள்ளி நின்றால், பெற்றோர் இரையோடு வரும். இறகே இல்லாத குஞ்சு என்றால் கூட்டைத் தேடி அதில் வையுங்கள். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது வீண் அச்சம். பாலோ தண்ணீரோ வாயில் ஊற்ற வேண்டாம். மூச்சுக்குழலுக்குள் போனால் குஞ்சு இறந்துவிடும்.

முருங்கை மரத்தின் பட்ட கிளை ஒன்று கிணற்றடிக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதை வெட்ட நினைத்தபோது அடிப்பக்கத்தில் வட்டமான துளை ஒன்றைக் கண்டோம். நண்பகலில் சுத்தியலால் தட்டுவதுபோல் "டொங், டொங்" என்ற ஓசையும் கேட்கிறது. – வாசகர், புதுக்கோட்டை

ஓசையும் துளையும் ஒரே பறவைக்குரியவையாக இருக்கலாம். செம்மார்புக் குக்குறுவான் முருங்கை போன்ற மென்மரத்தின் பட்ட கிளையில் அலகால் குடைந்து கூடு அமைக்கும். ஓசை மட்டும் மரத்தைக் குடைவதால் எழுவதன்று. அலகை மூடிக்கொண்டு தொண்டையை உப்பச் செய்து அது எழுப்பும் குரலே அது. காலையில் ஒரு மணி நேரம் தள்ளி அமர்ந்து பாருங்கள். பச்சை உடலும் சிவந்த நெற்றியும் கொண்ட பறவை துளைக்குள் போய் வந்தால், துளைக்கு அப்பால் உள்ள நுனிப்பகுதியை மட்டும் மெல்ல அறுத்துப் பாரத்தைக் குறைத்து, மிச்சத்துக்குக் கவட்டைக் கம்பால் முட்டுக் கொடுத்துவிட்டு, கோடை முடிந்து துளை காலியானதை உறுதி செய்துகொண்ட பிறகு வெட்டுங்கள். பறவை எதுவும் வரவில்லை என்றால் இந்த வாரமே வெட்டலாம்.