அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகள் செம்மறி ஆடு வளர்த்துப் பெரிய கண்காட்சிகளில் காட்டுகிறார்களாமே? பரிசு ஆட்டுக்குத்தானே, பிள்ளைக்கு அதில் என்ன இருக்கிறது?

பிள்ளைக்கும் தனியாகப் பரிசு உண்டு. ஒரே ஆட்டை வைத்து இரண்டு வேறு போட்டிகள் நடக்கின்றன. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு முதலாவது மட்டும்தான் தெரியும்; என் கணக்கில் இரண்டாவதுதான் முக்கியம்.

நான் இருப்பது அயோவா மாநிலத்தில். இங்கே ஆகஸ்டில் டி மொயின் நகரில் 11 நாள் மாநிலக் கண்காட்சி நடக்கும். 1854-இல் ஃபேர்ஃபீல்டு என்ற ஊரில் ஆரம்பித்தது. 1886 முதல் இப்போதிருக்கும் இடத்திலேயே நடக்கிறது. பத்து லட்சம் பேருக்கு மேல் வந்து போவார்கள். வெண்ணெயில் செய்து வைக்கும் பசுவைப் பார்க்கத்தான் கூட்டம் அலைமோதும். நான் நேராகச் செம்மறிக் கொட்டகைக்குப் போய்விடுவேன். எங்கள் பக்கத்துப் பண்ணைப் பெண் நாலாம் வகுப்பிலிருந்தே ஃபோர்-ஹெச் (4-H) என்ற சிறுவர் இளைஞர் அமைப்பின் மன்றத்தில் இருக்கிறாள். அவள் ஆடு காட்டுவதைச் சில வருடங்களாகப் பார்த்து வருகிறேன்.

முதல் போட்டி ஆட்டுக்கு. குளிர்காலத்தில் பிறந்த குட்டி ஆகஸ்டுக்குள் ஏறக்குறைய 60 கிலோ வந்துவிடும். இறைச்சிக்கான பிரிவில் பெரும்பாலும் காயடித்த கிடாக்கள்தான். எடைவாரியாகப் பிரித்துக் களத்தில் இறக்குவார்கள். நடுவர் கண்ணால் மட்டும் பார்த்துவிட்டுப் போகமாட்டார். விரல்களை முதுகின் மேலும் விலாவின் மேலும் வைத்து அழுத்தி, சதை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று கையாலேயே கணக்குப் போடுவார்.

ஆட்டுக்குத் தலைக்கயிறு கிடையாது. பிள்ளை ஆட்டின் முன்னால் நின்று, தாடைக்கு அடியில் இரண்டு கைகளையும் கொடுத்துப் பிடித்துக்கொண்டு, தன் தொடையை அதன் மார்பில் அழுத்திக் கொடுக்கும். ஆடு பதிலுக்கு முன்னோக்கித் தள்ளும். அப்படித் தள்ளும்போது முதுகுச் சதை இறுகும். நடுவர் கை வைக்கும் நேரத்தில் அந்த இறுக்கம் இருக்க வேண்டும். இதை ‘பிரேஸ்’ என்கிறார்கள். ஒரே நாளில் பழகி வராது. பக்கத்துப் பண்ணைப் பெண் வெயில் ஏறுவதற்கு முன்பே ஆட்டை நடத்திப் பழக்குவாள். எதிர்த்துத் தள்ளியதும் உடனே பிடியைத் தளர்த்துவாள். சரியாகச் செய்தோம் என்று ஆட்டுக்குத் தெரிவது அந்தத் தளர்வால்தான். அதட்டிப் பழக்கிய ஆடு களத்தில் கூட்டத்தைக் கண்டதும் திமிறிக்கொண்டு ஓடும், நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது ‘ஷோமேன்ஷிப்’. இங்கே ஆட்டின் எடையையோ சதையையோ யாரும் கேட்பதில்லை. மதிப்பெண் பிள்ளைக்கு. ஆடு எப்போதும் பிள்ளைக்கும் நடுவருக்கும் நடுவில் இருக்க வேண்டும். நடுவர் பக்கம் மாறினால் பிள்ளையும் பதறாமல் மாறி நிற்க வேண்டும். நாலு காலும் சதுரமாக ஊன்றியிருக்க வேண்டும். இத்தனைக்கும் நடுவில் கேள்விகள் வரும்: என்ன தீவனம் கொடுக்கிறாய், எந்த உறுப்புக்கு என்ன பெயர், இந்த ஆட்டில் நீ எதை மாற்ற விரும்புவாய்? சில நேரம் பக்கத்துப் பிள்ளையின் ஆட்டை வாங்கிக் காட்டச் சொல்வார். முன்பின் பழகாத ஆட்டை அமைதியாக நிறுத்துகிற பிள்ளையிடம் கைத்திறன் இருக்கிறது என்று அப்போது தெரிந்துவிடும்.

அதனால்தான் இந்தப் போட்டியை உயர்த்திச் சொல்கிறேன். முதல் போட்டியில் பணம் பேசும். வம்சம் பார்த்துப் பெரிய விலைக்குக் குட்டி வாங்கித் தரும் குடும்பங்கள் உண்டு. அவர்களோடு சாதாரணப் பண்ணைப் பிள்ளை மோதுவது கஷ்டம். ஷோமேன்ஷிப்பில் சுமாரான ஆட்டோடு வந்த பிள்ளையும் ஜெயிக்கலாம். அங்கே காசு கொடுத்து எதையும் வாங்கிவிட முடியாது.

வீட்டில் நடக்கும் வேலையைச் சொன்னால்தான் முழுதாகப் புரியும். செம்மறிக்குத் தாமிரம் ஆகாது. தாமிரம் கலந்த மாட்டுத் தீவனத்தைத் தெரியாமல் தொடர்ந்து வைத்தால், தாமிரம் ஈரலில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து, ஒருநாள் திடீரென்று ஆட்டைக் கொன்றுவிடும். பத்து வயதுப் பிள்ளை மூட்டையில் ஒட்டிய சீட்டைப் படித்துப் பார்த்துத்தான் தீவனம் வைக்கிறது. இன்னொரு தொல்லை படர்தாமரை. கண்காட்சிக்காக உரோமத்தை ஒட்டக் கத்தரிப்பார்கள். அந்தத் தோலில் பூஞ்சை எளிதாகப் பிடிக்கும். ஒருவர் கத்தரியை இன்னொருவர் வாங்கினால் போதும், ஆட்டிலிருந்து ஆட்டுக்கு, அப்புறம் பிள்ளையின் கைக்கும் வந்துவிடும். மருந்து ஊசி போட்டால் தேதியை எழுதி வைக்க வேண்டும். குறிப்பிட்ட நாள் கழியாமல் அந்த ஆடு இறைச்சிக்குப் போகக் கூடாது. அந்த நோட்டையும் பிள்ளைதான் வைத்திருக்கிறது.

சரி, கடைசியில் ஆடு என்ன ஆகும்? நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எல்லோர் மனதிலும் இருக்கும் கேள்வி. இனப்பெருக்கத்துக்கு வளர்க்கும் பெட்டை ஆடுகள் வீட்டுக்குத் திரும்பும். கிடாக்கள் இறைச்சிக்குத்தான். முதலிடம் வந்தவை ஏலத்தில் நல்ல விலைக்குப் போகும், அந்தப் பணத்தைப் பலர் கல்லூரிக்குச் சேர்த்து வைப்பார்கள். இதை முதல் நாளே பிள்ளையிடம் சொல்லிவிடுகிறார்கள், யாரும் மூடி மறைப்பதில்லை. பெயர் வைத்து, கையால் ஊட்டி வளர்த்ததை அனுப்பும் நாளில் பிள்ளைகள் அழத்தான் செய்வார்கள், பெரிய பையன்களும்கூட. பெற்றோர் அதைத் தடுப்பதில்லை. அது கொடுமை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தட்டில் வரும் இறைச்சி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்து வளரும் பிள்ளை, அந்த உயிர் இருக்கும்வரை அதை வெயிலில் வாட விடாது, தாகத்தில் தவிக்க விடாது.

இதற்கு இங்கே எவ்வளவு மதிப்பு என்றால், 2020-இல் கொரோனாவால் கண்காட்சியே நடக்கவில்லை. ராட்டினம் இல்லை, கச்சேரி இல்லை. பிள்ளைகளின் கால்நடைப் போட்டிகளை மட்டும் நடத்தினார்கள்.

இந்தப் பக்கம் வந்தால் ஷோமேன்ஷிப் என்றைக்கு என்று பார்த்துக்கொண்டு வாருங்கள். போட்டி முடிந்ததும் கொட்டகைக்குள் போய் ஏதாவது ஒரு பிள்ளையிடம் ஆட்டைப் பற்றிக் கேளுங்கள். தீவனம் முதல் குளம்பு வரை விடாமல் சொல்லும். முதுகில் கை வைத்துப் பார்க்கவும் விடும்.