மூளை ரத்தக்குழாய்: ஸ்கேன் ரிப்போர்ட்டில் வரும் அந்த ஒரு வரி

அப்பாவுக்குத் தலைசுற்றல். ஸ்கேனில் 'வலது வெர்டிப்ரல் ஆர்ட்டரி ஹைப்போபிளாஸ்டிக்' என்று இருக்கிறது. குழாய் சுருங்கிவிட்டதா?
- வாசகி, அம்பாசமுத்திரம்

இல்லை அம்மா. பிறவியிலேயே ஒல்லியாக அமைந்த குழாய் அது. மூளைக்கு ரத்தம் போவது நான்கு குழாய்களில்: கழுத்தின் முன்பக்கம் இரண்டு கரோட்டிட், பின்பக்கம் இரண்டு வெர்டிப்ரல். பின்னவை இரண்டும் சமமாக இல்லாதவர்கள் நிறையப் பேர். நீங்கள் அனுப்பிய படத்தில் இடது குழாய் கொடிக்கயிறு மாதிரியும், வலது பனைநார் மாதிரியும் இருக்கின்றன. ஆனால் மேலே இரண்டும் சேர்ந்து உருவாகும் பேசிலர் குழாய் நன்றாக நிறைந்திருக்கிறது. படுக்கையில் புரளும்போது சில நொடி சுற்றுகிறது என்றால், காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். பேச்சுக் குழறினாலோ, ஒரு பக்கக் கைகால் விழுந்தாலோ மட்டும் காத்திருக்காதீர்கள், உடனே 108. ரத்தக்கட்டி அடைத்து வந்த பக்கவாதம் என்றால், அந்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.

'வில்லிஸ் வட்டம் முழுமையாக இல்லை' என்றால் ஆபத்தா?
- வாசகர், பாளையங்கோட்டை

கால்வாய் அடைத்தால் அதை நம்பிய வயல் வாடும். மூளையின் அடியில் அந்தக் கால்வாய்களை ஒன்றோடொன்று இணைத்துவிடும் வளையம்தான் இது. தாமஸ் வில்லிஸ் 1664-ல் விவரித்தார். பாடப்புத்தகப் படம்போல் வட்டம் அமையாதவர்கள் ஏராளம், அதனால் மட்டும் ஒன்றும் வராது. பின்னாளில் கரோட்டிட்டில் அடைப்பு வந்தால் இணைப்பு இல்லாத குறை தெரியும். ஆகவே பிரஷர், சுகர், பீடி மூன்றையும் கவனியுங்கள்.

எனக்கு 'பெர்சிஸ்டென்ட் ட்ரைஜெமினல் ஆர்ட்டரி' இருக்கிறதாம். அடைத்துவிடலாமா?
- வாசகர், வள்ளியூர்

வேண்டவே வேண்டாம். இதைப் படத்தில் கண்டால் நான் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொள்வேன், அவ்வளவு அபூர்வம். ஆயிரம் பேரில் ஒருவரிலிருந்து ஆறு பேர் வரைதான் இருக்கும். கருவில் பின்மூளைக்குத் தனி வழி உருவாகும் முன், முன்பக்கக் கரோட்டிட்டிலிருந்து ரத்தம் கொண்டுபோகும் தற்காலிகக் குழாய் இது. வேலை முடிந்ததும் கருவிலேயே மறைய வேண்டியது, உங்களுக்கு மறையாமல் நின்றுவிட்டது. உங்கள் பின்மூளை இன்றும் அதை நம்பியிருக்கலாம், பலருக்கு வெர்டிப்ரல் குழாய்கள் மெலிந்தே இருக்கும். அதனால்தான் அடைக்கக் கூடாது என்கிறேன். சிலருக்கு முகத்தின் உணர்வு நரம்பை உரசி வலி தரலாம், அதற்கு வைத்தியம் உண்டு.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். இது சிலருக்கு மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியை ஒட்டியே ஓடும். பின்னால் எப்போதாவது மூக்கு வழியாக அந்தச் சுரப்பியில் ஆபரேஷன் என்று வந்தால், கத்தி வைப்பவருக்கு இது முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும். தலை, கழுத்துக் குழாய்களில் எந்தச் சிகிச்சை என்றாலும் முதலில் இதைச் சொல்லுங்கள். ரிப்போர்ட் பேப்பரோடு ஸ்கேன் படங்கள் உள்ள சி.டி. தட்டையும் பத்திரமாக வையுங்கள்.

பிள்ளைகளுக்கும் ஸ்கேன் எடுக்கணுமா?
- வாசகி, களக்காடு

மேலே சொன்ன பிறவிக் குழாய் மாற்றங்களுக்காக வேண்டாம். அனியூரிசம், அதாவது குழாயில் பலூன்போல் வீங்கும் இடம், வேறு சங்கதி. பெற்றோர், உடன்பிறந்தோரில் இரண்டு பேருக்கு அது வெடித்திருந்தால், நரம்பியல் மருத்துவரைப் பார்த்து ஸ்கேன் பற்றிக் கேளுங்கள்.